நுளம்பை அடிக்காமல் கவனித்தல்

அந்தக் காய்ச்சல் எங்கள் பக்கம் வந்த வருடம், எனக்கு ஷெல்லைவிட நுளம்புதான் பெரிய பயமாக இருந்தது. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். மட்டக்களப்புச் செங்கலடியில் எங்கள் வீட்டுக்கு மேலால், வாவிக்கு அப்பால் சண்டை நடந்த படுவான்கரைப் பக்கம் ஷெல் போவதும், அங்கிருந்து சனங்கள் உடுத்த உடுப்போடு எங்கள் பக்கம் வந்து சேர்வதும் அந்த நாட்களில் வழக்கமாகிவிட்டிருந்தது. ஷெல் போனால் போகிற சத்தம் கேட்கும். போய்விட்டது என்று தெரியும். நுளம்பு அப்படியில்லை. சத்தம் போட்டுக்கொண்டு வரும், பிறகு சத்தம் நின்றுவிடும். நின்ற பிறகுதான் விஷயமே.

காய்ச்சலின் பெயர் சிக்குன்குனியா. யாருக்கும் அது ஒழுங்காக வாயில் வரவில்லை. "குனியா எண்டு பேரை வெச்சிட்டு, எல்லாரையும் எல்லோ குனிய வெக்குது!" என்று என் கணவர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிலர் அதைச் சிக்கன் குனியா என்று விளங்கிக்கொண்டு கோழி சாப்பிடுவதை விட்டார்கள். நானும் விட்டேன். நான் படித்தவள், ஒரு பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறவள். கோழியால் வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் விட்டேன்.

காய்ச்சல் இரண்டு மூன்று நாளில் விட்டுவிடும், மூட்டு நோ மட்டும் மாதக்கணக்கில் நிற்கும். ஊரே எழுத்துக்களாக மாறிவிட்டது. எங்கள் அதிபர் 'ட' மாதிரி வந்தார். தபால்காரர் 'ஞ' மாதிரி சைக்கிளில் இருந்தார், இறங்கினால் ஏற முடியாது என்று படலையில் நின்றபடியே மணி அடித்தார். இவர்களைப் பார்க்கப் பார்க்க, அடுத்த எழுத்து நான்தான் என்று பட்டது.

நான் என் மணிக்கட்டை அழுத்திப் பார்க்கத் தொடங்கினேன். காலையில் எழும்பியதும் அழுத்துவேன், நோவு இல்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு அழுத்துவேன், இல்லை. கரும்பலகையில் 'அ' எழுதிவிட்டு ஒரு அழுத்து. பின்னேரம் ஆகும்போது மணிக்கட்டு உண்மையிலேயே நோகும். "வந்திற்று! எனக்கு வந்திற்று!" என்று வீட்டுக்கு வந்து படுப்பேன்.

"நாள் முழுக்க அமத்தினா மேசைக்கும் நோகும்" என்பார் கணவர்.

சேலைக்குக் கீழே அவருடைய காலுறைகளைப் போட்டுக்கொண்டேன். கை, கழுத்து, காது எல்லாம் வேப்பெண்ணெய் பூசினேன். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு 'ஆ' படித்தார்கள். மூக்கைப் பொத்தினால் 'ங' வராது என்பதை அந்த மாதத்தில்தான் கண்டுபிடித்தேன்.

என்னோடு படிப்பிக்கிற ஏறாவூர் டீச்சர் ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், நீங்க காய்ச்சல் வராமலே சாகப் போறீங்க. வந்தாறுமூலையில சனிக்கிழமைல ஒரு மிஸ் வந்து மனதுக்குப் பாடம் எடுக்காவாம். தியானமாம். வாங்க, ரெண்டு பேரும் போய் இருந்திட்டு வருவம்."

"நீங்களுமா?"

"எனக்கும் ராவு பகலா யோசினைதான். உங்கள மாதிரி எண்ணெய் பூசல, அவ்வளவுதான்."

பாடம் ஒரு பொதுக் கட்டடத்தில் நடந்தது. பாய் விரித்திருந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் பக்கத்து அகதி முகாமில் இருந்த படுவான்கரைப் பெண்கள். மிஸ் மட்டக்களப்பு நகரத்துப் பிள்ளை, உளவளத்துணை என்கிற கவுன்சிலிங் படித்துவிட்டு வந்தவர். மெல்லிய குரல். தோளில் ஒரு பெரிய பை.

"அம்மாமாரே, கண்ணை மூடுங்க. மூச்சு உள்ளுக்குப் போறதையும் வெளிய வாறதையும் கவனியுங்க. எண்ணம் வந்தா வரட்டும். அதை விரட்டாதீங்க, பிடிச்சும் வைக்காதீங்க. சும்மா பாருங்க."

நாங்கள் மூடினோம். சற்று நேரத்தில் முன் வரிசையில் இருந்த முகாம் அக்கா ஒருவர் கையைத் தூக்கினார்.

"மிஸ், கண்ணை மூடினா என்ட எருமை ரெண்டும் வந்து நிக்குதுகள்."

"நிக்கட்டும் அம்மா. விரட்டாதீங்க."

"நான் விரட்டல மிஸ். ஆனா அதுகளுக்குத் தண்ணி வெக்கோணும் எல்லோ? விட்டுட்டு வந்து எத்தின நாள்."

மிஸ் பையைத் திறந்து பார்த்தார், மூடினார். "சரி, மனதால தண்ணி வையுங்க" என்றார் கடைசியில். அந்த அக்கா திருப்தியோடு கண்ணை மூடினார். வாளி தூக்குகிறவர் போல அவருடைய தோள் ஒரு பக்கம் சாய்ந்ததை நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன்.

அப்போது பக்கத்து ஆமி முகாமிலிருந்து ஷெல் அடித்தார்கள். கட்டடத்து ஓடு கிடுகிடுத்தது. மிஸ் பாயிலிருந்து எழும்பியே விட்டார். எங்களில் ஒருவரும் கண் திறக்கவில்லை. "போறது" என்றார் யாரோ. "ஓம், போறதுதான்" என்றார் இன்னொருவர். மிஸ் மெதுவாகத் திரும்பவும் இருந்தார். "நல்லா... நல்லாக் கவனிக்கிறீங்க" என்றார்.

அடுத்ததாக ஏறாவூர் டீச்சரின் காதடியில் ஒரு நுளம்பு பாடியது.

"யா அல்லாஹ்!" என்று அவர் துள்ளியெழும்ப, அவர் மீது நான் விழ, என் மீது பின்வரிசை விழ, கட்டடம் முழுவதும் சேலைத் தலைப்புகள் பறந்தன. தியானம் செய்துகொண்டிருந்த அத்தனை பேரும் கைதட்டிக்கொண்டு நின்றோம். தெருவில் போனவர்கள் ஏதோ பாராட்டு விழா நடக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

"அம்மாமாரே, அடிக்காதீங்க!" மிஸ் கெஞ்சினார். "கடிக்கிற மாதிரி இருந்தாலும், அரிச்சாலும், அதை அப்பிடியே கவனியுங்க. எப்பிடி வருது, எப்பிடிக் கூடுது, எப்பிடிக் குறையுது..."

"மிஸ்," என்றார் எருமை அக்கா, "அது கடிச்சித்தானே இந்தக் காய்ச்சல் வாற?"

மிஸ் யோசித்தார். அவருடைய படிப்பில் இது இருந்திருக்காது என்று நினைக்கிறேன். பிறகு அவரும் தன் கையில் இருந்த ஒன்றைப் பட்டென்று அடித்தார். "நுளம்பை மட்டும் அடிக்கலாம்" என்றார். அதன் பிறகுதான் எங்களுக்கு அவரைப் பிடித்துப்போனது.

போகுமுன் ஆளுக்கு ஒரு பிளம்ஸ் தந்தார், கேக்குக்குப் போடுவார்களே, அந்தக் காய்ந்த திராட்சை. கையில் வைத்துப் பார்க்க வேண்டும், மணக்க வேண்டும், நாக்கில் வைத்துச் சுவையைக் கவனிக்க வேண்டும். அவர் சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் போய்விட்டது.

"இன்னொண்டு தாங்க மிஸ். இது கவனிக்க முதல் போயிற்று."

"எனக்கும் மிஸ். எனக்குக் கவனம் கொஞ்சம் குறைவு. ரெண்டாத் தாங்க."

அன்று அந்தப் பை காலியாகத்தான் போனது.

வீட்டிலும் செய்யச் சொல்லியிருந்தார். விளக்கு வைத்த பிறகு சுவரைப் பார்த்துச் சப்பாணி கட்டி இருந்தேன். கணவர் கந்தோர் வேலை முடிந்து வந்தார். நான் பேசவில்லை. நான் பேசாமல் இருந்து அவர் கண்டதில்லை.

"இஞ்சரு... என்ன, கோவமா?"

மூச்சு உள்ளே. மூச்சு வெளியே.

அவர் போய்த் தானே தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். அதுவும் முதல் தடவை. நான் அசையவில்லை. அவர் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். எழும்பினார். திரும்ப இருந்தார்.

"சரி. துலைஞ்சிற்று எண்டு சொன்ன அந்தக் குடை துலையல்ல. தம்பி கேட்டான், குடுத்திட்டன்."

மூச்சு உள்ளே.

"மறுகா என்ன? உன்ட அக்கா வந்தா நான் கடைக்குப் போறது சாமான் வாங்க இல்ல, அவக்குத் தப்பத்தான் எண்டதும் தெரியுமா உனக்கு? யாரு சொன்ன?"

மூச்சு கொஞ்சம் சூடாக வெளியே வந்தது. அதையும் கவனித்தேன். மிஸ் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

"சரி, சரி. நேத்து நீ கட்டித் தந்த சோத்தை நான் சாப்பிடல்ல. கந்தோரில ஒருத்தர் புரியாணி கொண்டுவந்தவர்."

"என்ன புரியாணி?" நான் திரும்பினேன்.

அவர் நிலத்தைப் பார்த்தார். "கோழி."

தியானம் அத்தோடு சரி. பாய்ந்து போய் அவருடைய நெற்றியைத் தொட்டேன், மணிக்கட்டை அழுத்தினேன், முழங்காலை அழுத்தினேன். "நோகுதா? இஞ்ச நோகுதா?" என்று கேட்டுக் கேட்டு அழுத்தியதில் கடைசியில் அவருக்கு நொந்தது.

இரண்டு சனிக்கிழமை கழித்து மிஸ் பாடத்துக்கு வந்தபோது நடை சரியில்லை. பாயில் இருக்கப் போனவர் பாதியில் நின்றுவிட்டார். கீழேயும் போக முடியவில்லை, மேலேயும் வர முடியவில்லை. முகம் சிவந்திருந்தது. நாங்கள் நாலு பேர் தூக்கி இருத்தினோம். உடம்பு கொதித்தது.

"எனக்கும் வந்திற்று போல" என்றவர் சின்னப்பிள்ளை மாதிரி அழத் தொடங்கினார். "நான் ஒவ்வொரு நாளும் பயந்து பயந்துதான் இஞ்ச வந்தனான். உங்களுக்கு மூச்சைக் கவனியுங்க எண்டு சொல்லிப்போட்டு, நான் உங்கட நுளம்பைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்."

எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எருமை அக்கா அவரைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். "அழாதகா. மூச்சை விடு மனே. உள்ளுக்கு... ம்... வெளிய. நோவு வந்தா வரட்டும். நாங்க இரிக்கம் தானே."

ஏறாவூர் டீச்சர் தன் பையிலிருந்து பரசிற்றமோல் எடுத்தார். யாரோ வெந்நீர் கொண்டுவந்தார்கள். நான் மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு அவரோடு சேர்ந்து மூச்சு விட்டேன். ஓட்டோ வரும்வரை விட்டோம். இருபது பெண்கள் ஒன்றாக மூச்சு விட்ட சத்தம் கடல் பக்கத்தில் இருப்பது போல இருந்தது. வீட்டுக்கு வந்து படுக்கும்போதுதான், அன்று முழுவதும் மணிக்கட்டை ஒருமுறைகூட அழுத்திப் பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. உடனே அழுத்திப் பார்த்தேன். இல்லை.

அடுத்த கிழமை எனக்கு வந்தது.

பொய் சொல்லக்கூடாது, நோ பயங்கரம். சீப்பைத் தூக்க முடியவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தேன். ஆனால் தலைக்குள் ஒரு விசித்திரமான அமைதி. இத்தனை நாளாக வருமோ வருமோ என்று கிடந்து துடித்தது வந்துவிட்டது. இனி வருவதற்கு ஒன்றுமில்லை. முழங்கால் நொந்தால் முழங்கால் நோகிறது, அவ்வளவுதான். அந்த நோவைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். கூடியது, குறைந்தது, திரும்பக் கூடியது. மிஸ் சொன்னது உண்மைதான். ஆனால் பயத்தோடு இருக்கும்போது செய்வதைவிட, வந்த பிறகு செய்வது எனக்குச் சுலபமாக இருந்தது. இது அவருடைய பாடத்தின் பிழை இல்லை, என் தலையின் அமைப்பு.

கணவர் லீவு போட்டுவிட்டு வீட்டில் நின்று சமைத்தார். மூன்றாம் நாள் காலை, அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு வந்து என் கட்டிலடியில் சப்பாணி கட்டி இருந்தார்.

"எனக்கும் ஒருக்காச் சொல்லித் தா. நீ கிடக்கிறதப் பாத்தா எனக்கு ஒரு மாதிரி இரிக்கு."

அவர் பயந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை நாள் பகிடி பண்ணியதெல்லாம் அதுதான். கண்ணை மூடச் சொன்னேன். மூச்சைப் பார்க்கச் சொன்னேன். நல்ல பிள்ளையாகப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் மூச்சு ஆழமாக வந்தது, பிறகு சத்தமாக வந்தது, பிறகு அவருடைய தலை என் கால்மாட்டில் சாய்ந்தது. குறட்டை.

குசினியிலிருந்து மெல்ல ஒரு மணம் வந்தது. என்னால் எழும்ப முடியாது. கூப்பிட்டேன், அவர் அசையவில்லை. காலால் தட்டலாம் என்றால் கால் என் சொல் கேட்கவில்லை. மணம் கூடியது. அறைக்குள் புகை வந்தது. அயல் வீட்டு அக்கா வேலிக்கு மேலால் "என்னகா, வீட்டுக்குள்ள நுளம்புக்குப் புகை போடுறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லக்கா," என்று கத்தினேன், "சோறு!"

அவர் ஓடிவந்து பானையை இறக்கினார். அந்த அமளியில் கணவர் எழும்பி, புகையைப் பார்த்துப் பயந்து, என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடப் பார்த்தார். என் மூட்டெல்லாம் ஒன்றாகக் கத்தியதும் திரும்பக் கட்டிலில் போட்டார்.

அன்று மத்தியானம் அந்த அக்கா தந்த பாணும் சம்பலும்தான் சாப்பாடு. எனக்கு வாய் கசந்தது. கணவர் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார்.