மரிவெல்லின் தங்கச்சி

மரிவெல்லுக்கு நான்தான் மேக்கப். லிபாவில் ஊர்த் திருவிழா மேடைகளில் ஒரு மூட்டை அரிசிப் பரிசுக்காக அவள் பாடிய காலத்திலிருந்தே அந்த முகம் என் கையில்தான். உச்சத்துக்குப் போனாளானால், பன்றி வாட்டுகிறவன்கூடக் கம்பியைச் சுற்ற மறந்துவிடுவான். மணிலாவுக்கு வந்தோம். கேசட் ஓடியது, சினிமா தேடி வந்தது, கதாநாயகன் ரென்சோவுடன் ஜோடி சேர்த்தார்கள். எங்கள் ஊரில் திரை ஜோடி திரையோடு முடியாது. ரசிகைகளே மனசுக்குள் கல்யாணம் முடித்துவைத்து, மாலையும் கையுமாக நிற்பார்கள். நடுவில் ஈ காக்கை வரக் கூடாது.

இவளுக்கோ முதல் கேசட்டுக்கு முன்பே ஒரு பெண் குழந்தை, இசாய். அப்பன் சவூதிக்குப் போனவன், போனவன்தான். "தங்கச்சின்னு சொல்லிக்கோ, பொழப்பப் பாரு" என்று மேனேஜர் சொகோரோ முடித்துவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். மரிவெல்லின் அம்மா லிபாவிலேயே குழந்தையை வளர்த்தாள். வெளியாள் முன்னால் இசாய்க்கு மரிவெல் 'அக்கா'; எல்லாரும் போன பிறகுதான் 'அம்மா'.

கிறிஸ்துமஸுக்கு வரவேண்டிய பெரிய படம், ரென்சோ ஜோடிதான். கையெழுத்து மட்டும் பாக்கி. கையெழுத்துக்கு முந்தைய ஞாயிறு மரிவெல்லின் பிறந்தநாள். டிவியில் நேரடி நிகழ்ச்சி. பாடி முடித்ததும் தொகுப்பாளர் பொம்போய், "உனக்கு ஒரு பரிசு வச்சிருக்கேன்!" என்று திரையை விலக்கினான். புதுச் சட்டையில் இசாய் நின்றாள்.

சொகோரோ என் கையைக் கிள்ளினாள். "யாருடி இவள வரச் சொன்னது?"

"என்னை ஏன் கிள்றீங்க? டிவிக்காரன் வேன் அனுப்பியிருக்கான், பாட்டியம்மா பவுடர் பூசி ஏத்திவிட்டிருக்கும்!"

குழந்தை ஓடினாள். மரிவெல் இரண்டு கையையும் நீட்டினாள். இசாய் அதில் ஒன்றைப் பிடித்து, குனிந்து, தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள்.

"அடடே!" என்று பொம்போய் கைதட்டினான். "பெத்தவங்க, பெரியவங்க கையைத்தானே நெத்தியில வைப்போம்? அக்கா கையை எவ வைப்பா? மரிவெல், உனக்கு அவ்ளோ வயசாயிடுச்சா?"

அரங்கம் சிரித்தது. ரென்சோ படத்தை ஏந்தியிருந்த முன்வரிசைப் பெண்கள் சிரிக்கவில்லை. ஓரத்தில் சொகோரோ வாயைக் காதுவரை இழுத்துக்காட்டி, சிரி, சிரி என்று சைகை செய்தாள். சிரித்திருந்தால் தப்பித்திருக்கலாம், சத்தியமாக.

மரிவெல்லுக்கும் உதடு கொஞ்சம் விரிந்தது. அதற்குள் குழந்தைக்குத் தன் தவறு புரிந்து, முகம் சுருங்கிவிட்டது. "மறந்துட்டேன் அக்கா. திட்டாதீங்க அக்கா." மைக்கில் அது எல்லோருக்கும் கேட்டது. பாவி மகள், என் நெஞ்சே வெடித்தது.

மரிவெல் மண்டியிட்டாள். "நீ ஒரு தப்பும் பண்ணலடி கண்ணு. நான்தான் பண்ணேன். அக்கா இல்ல, அம்மான்னு கூப்பிடு."

முன்வரிசையில் ஒருத்தி ஓவென்று அழுதாள். ரென்சோ படம் ஒன்று மேடையில் வந்து விழுந்தது. "போச்சு, எல்லாம் போச்சு" என்று சொகோரோ தரையில் உட்கார்ந்துவிட்டாள். கிறிஸ்துமஸ் படம் வேறொருத்திக்குத்தான் போனது, அது கிடக்கட்டும்.

குழந்தை கூப்பிடவில்லை. சிவப்பு விளக்கு எரியும் கேமராவையே பார்த்தாள். பிறகு மரிவெல்லின் காதோரம் வந்து மெதுவாகக் கேட்டாள்:

"எல்லாரும் இன்னும் போகலையே?"

"போகல. நீ கூப்பிடு."