மூன்றாவது லைன் நின்ற பாட்டு

வரதய்யபாளையத்துத் தரணிக்கு ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மூன்றாவது லைனில், ஓடும் பெல்ட்டுக்கு முன்னால் நின்று ஒயர் சொருகுவாள். வீட்டில் மாதச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு பிறவி. திருச்சானூரில் இஸ்மாயிலின் ஸ்பீக்கர் கடைப் பின்னறையில் லேப்டாப்பைத் திறந்து இருவரும் உட்கார்ந்தால் சோறு தண்ணி மறந்துபோகும். அவர்கள் செய்தது டிரான்ஸ் இசை. ஒரே அடி விடாமல் இடிக்க, அதன் மேல் ஓசைகள் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். இருவரின் முதல் ஆல்பம் அந்தத் திங்கட்கிழமை காலையில்தான் இணையத்தில் வெளியாகியிருந்தது.

அந்தச் சந்தோஷம் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஏறும்வரை இருந்தது.

"தரணிம்மா, இஸ்மாயில் பாய் லிங்க் அனுப்பிச்சாரு," என்றார் டிரைவர் சுரேஷ்பாபு. "எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா நீ? இரு, போடறன். பஸ்ல கீறதும் அவுரு கட ஸ்பீக்கர்தான்."

"வேணாண்ணா. எல்லாம் தூங்கிக்கினு கீறாங்க."

"தூங்கட்டுமே. நம்ம ஊரு பொண்ணு பாட்டும்மா!"

முதல் பாட்டு தொடங்கியது. தரணி முன் சீட்டைப் பார்த்தாள்.

தொழிற்சாலையில் லைன் நின்றால் ஒரு மெட்டு ஒலிக்கும். பொம்மைக் கார் பாடுவது போன்ற சின்ன மெட்டு. கேட்ட நொடியில் எல்லாரும் இரண்டு கைகளையும் மேலே தூக்க வேண்டும். பெல்ட்டில் யார் விரலும் இல்லை என்று சூப்பர்வைசர் பார்த்த பிறகே இறக்கலாம். அந்த மெட்டைத்தான் தரணி சாக்ஸில் ஒளித்த போனில் பிடித்து வந்து முதல் பாட்டில் வைத்திருந்தாள். உள்ளே போன் கொண்டுபோனது தெரிந்தால் அன்றே கேட்டுக்கு வெளியே. இதை மட்டும் அவள் இஸ்மாயிலிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் அந்த ஓசையைத் தொட்டிருக்கவே மாட்டான்.

முன் சீட்டில் சூப்பர்வைசர் அம்சவேணி ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அடி ஏறியது. அதன் மேல் இன்னொன்று ஏறியது. நெட்வொர்க் போய்விடாதா, டயர் வெடித்துவிடாதா என்று தரணி எல்லா சாமியையும் கூப்பிட்டாள். எங்கே வரும் என்று அவளுக்குத் தெரியும். இதோ.

மெட்டு வந்தது.

பஸ் முழுக்கக் கைகள் தூக்கிக்கொண்டன. கண் திறக்காமலே தூக்கினார்கள். ஒருத்தியின் டிபன் பாக்ஸ் உருண்டு ஓடியது. அம்சவேணியின் கைகளும் மேலேதான். மெட்டுக்குப் பின்னாலேயே ஸ்பீக்கரில் ஒரு பெண் அலறினாள்: "சேதுலு பைக்கி! அந்தரு சேதுலு பைக்கி!" தெலுங்கில், எல்லாரும் கையை மேலே தூக்குங்கள் என்று.

அது அம்சவேணியின் குரல்.

சுரேஷ்பாபு பாட்டை நிறுத்தினார். "இன்னாம்மா, கொள்ளக்காரன் பூந்த மாதிரி எல்லாம் கைய தூக்கிக்கினு..." அவர் சிரிப்பு பாதியில் நின்றது. கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. தரணியின் கைகள் மட்டும் இறங்கவில்லை. இறக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அம்சவேணி எழுந்து வந்தாள்.

"எறக்குடி."

இறக்கினாள்.

"போன எங்க வெச்சிருந்த?"

"சாக்ஸ்லக்கா."

"என் கொரலு அதுல கீது. நாளைக்கி மேலருந்து கேட்டா நான் இன்னா சொல்லட்டும்? ஒன்ன காட்டிக்குடுக்கலன்னா நானே உட்டன்னுதான் ஆவும். எனக்கும் ரெண்டு பசங்க கீதுடி." திட்டுகிற குரலாக அது இல்லை. ஸ்பீக்கரில் அலறிய அதே நடுக்கம் அதிலும் இருந்தது. "நான் எறங்கறதுக்குள்ள அத்த எடுத்துடு."

தரணி இஸ்மாயிலைப் போனில் கூப்பிட்டாள்.

"மொத பாட்டையா? அதுதாம்மா ஆல்பமே!" என்றான் அவன். அவள் அழுவது கேட்டதும் வேறெதுவும் கேட்கவில்லை. அம்சவேணி இறங்கும் சத்தியவேடு வருவதற்குள் ஆல்பத்தில் ஒரு பாட்டு குறைந்திருந்தது.

மறுநாள் கேட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. மத்தியானம் லைன் நின்றது. மெட்டு ஒலித்தது. தரணியின் கைகள் மேலே போயின. பாட்டில் வருவதுபோல அதன் பின் அடி வரும் என்று அவள் காது தானாகக் காத்திருந்தது, வரவில்லை. அம்சவேணி "சேதுலு பைக்கி" என்றாள், அடங்கிய குரலில், யாரோ ஒட்டுக் கேட்பதுபோல. பெல்ட்டில் விரல் இருக்கிறதா என்று பார்க்கும் முன் அவள் கண் தரணியின் காலுக்குப் போய் வந்தது.