வெல்டர் வளர்த்த மரக்கீரை

பட்டறையில் வெல்டராக இருந்தவர், தன் கீழ்த்தள வீட்டு ஜன்னலோரம் ஒரு மரக்கீரைக் குச்சியை நட்டார். மனைவிக்கு ரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்ன வாரம் மச்சான் ஒடித்துக் கொடுத்த குச்சி அது. இரண்டே வருடத்தில் ஆளுயரப் புதராகிவிட்டது. கையகல இலைகள் பறிக்கப் பறிக்கத் துளிர்த்தன. காம்பில் வடியும் பால் பட்டால் அரிக்கும் என்று, பட்டறைக் கையுறை மாட்டிக்கொண்டுதான் பறிப்பார்.

குடியிருப்பில் யார் கேட்டாலும் இல்லை என்றதில்லை. கூடவே ஒரு பாடமும் நடத்துவார்: பச்சையாகத் தின்றால் விஷம், மூடாமல் இருபது நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும். கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்வார். எல்லாரும் தலையாட்டுவார்கள்.

மாடிவீட்டு டீச்சரும் தலையாட்டினார். ஆனால் உடம்பு இளைக்கும் என்று நம்பி, மூன்று நாள் பச்சை இலையை மிக்சியில் அடித்துக் குடித்தார். நான்காம் நாள் வாந்தி, தலைச்சுற்றல், ஆஸ்பத்திரி. டீச்சரின் கணவர் கீழே இறங்கி வந்து, ஊருக்கே விஷம் கொடுக்கிறாயா என்று வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார்.

டீச்சர் தேறி வந்ததும் குடியிருப்போர் சங்கக் கூட்டம் போட்டார்கள். வெல்டர் வேலை உடுப்போடே போனார்.

"நான் என்ன சொன்னேன்னு நீங்களே சொல்லுங்க டீச்சர்."

"கொதிக்க வைக்கத்தான் சொன்னீங்க. சத்து போயிடுமேன்னு நான்தான்..." டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்பாடா என்று உட்கார்ந்தார் வெல்டர். செயலாளர் அசரவில்லை. நாளைக்கு ஒரு குழந்தை வாயில் வைத்தால் யார் பொறுப்பு என்றார். வேலி போடுகிறேன், பலகை மாட்டுகிறேன் என்று வெல்டர் மன்றாடிப் பார்த்தார். செடியை வெட்டலாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். வாரா வாரம் அவரிடம் கீரை வாங்கியவர்களின் கைகளும் மேலே போயின.

வாட்ச்மேன் அரிவாளோடு வருமுன் தானே போய் வேரோடு பிடுங்கி எறிந்தார். ஆத்திரத்தில் கையுறை போட மறந்து, முழங்கை வரை தடித்துவிட்டது. மனைவி எண்ணெய் தடவியபடி, "நாலு வார்த்தை திட்டியிருந்தா மனசாவது ஆறியிருக்கும்" என்றாள்.

பத்து நாள் கழித்து, காலையில் செயலாளரின் மனைவி வந்தாள். முட்டை போட்டு வதக்கிய அந்தக் கீரை இல்லாமல் பிள்ளைகள் சாப்பாட்டில் கை வைப்பதில்லையாம்.

"ஒரு குச்சிகூடவாண்ணே மிச்சம் வைக்கல?"

வெல்டர் பட்டறைக் கையுறையைப் பைக்குள் திணித்தார்.

"உங்க வீட்டுக்காரரைக் கேளும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.