இரண்டு மாப்பிள்ளை, இரண்டு பொட்டலம்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைத் தலைமுழுகியவள். இன்றைக்குத் தாராவியில் என் தோல்பைப் பட்டறை எங்கே என்று கேட்டால் டாக்ஸிக்காரன்கூட வழி சொல்லுவான். பெரிய பெரிய சேட்டுகளை வாசலில் காக்க வைத்திருக்கிறேன். எவனுக்கும் பயந்தது கிடையாது. பயம் என்று நான் கண்டதெல்லாம் சிறுமியாக இருந்தபோது, அக்காவைப் பெண் கேட்டு வந்த இரண்டு பேரில் ஒருவரிடம்தான்.

முதலாமவர் ரயிலேறிப் போகவேண்டிய முலுண்ட்காரர், ஆபீஸ் உத்தியோகம். வந்தால் பவுடர் வாசமும் கூடவே வரும். எனக்குச் சாக்லெட் கொடுத்து, கல்யாணம் ஆனதும் லோக்கல் ரயிலில் ஜன்னலோரம் உட்காரவைத்துக் கூட்டிப்போவதாகச் சொன்னார். அவர் பேச ஆரம்பித்தால் அப்பாவே வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்.

மற்றவர் எங்கள் சந்துக்குப் பின்னால் தோல் கிடங்கில் வேலை பார்த்தவர். உப்புத்தண்ணீர் சொட்டச் சொட்ட ஆட்டுத்தோலைத் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போவார். விரலெல்லாம் சாயத்தில் கறுத்திருக்கும். வாயாடுகிற பிள்ளைகளையும் அவர் உரித்துவிடுவார் என்று தெருப்பிள்ளைகள் சொன்னதை நான் முழுசாக நம்பினேன். என்னைவிட வாயாடி அந்தச் சந்தில் கிடையாது.

இருவரும் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள்தான். அப்பாவுக்கு முலுண்ட் பிடித்திருந்தது. அம்மாவுக்கு மகள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தினமும் சண்டை. கடைசியில் அப்பா, "அம்மன்ட்டயே கேட்டுருவோம். சின்னவ எடுக்கட்டும்" என்றார்.

வெள்ளை ரோஜா முலுண்டுக்கு, சிவப்பு தோல் கிடங்குக்கு. இலையில் மடித்துப் பொட்டலம் கட்டியது அக்கா. கோயிலில் பூசாரி குலுக்கி அம்மன் காலடியில் போட்டார்.

"கண்ண மூடிட்டு ஒண்ண எடுட்டி" என்றாள் அம்மா.

வெள்ளை, வெள்ளை என்று வேண்டிக்கொண்டே எடுத்தேன். பிரித்தால் சிவப்பு.

ஓவென்று அழுதேன். அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளை உரிக்கக் கொடுத்தது நான்தான். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை. அக்கா அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்கக் குனிந்தபோது அது நழுவி விழுந்து பிரிந்தது. அதற்குள்ளும் சிவப்பு ரோஜா.

"ஏக்கா, இதுல வெள்ளைல்லா இருக்கணும்?"

"சத்தங் காட்டாதட்டி" என்று பூவை அள்ளி என் தலையிலேயே செருகிவிட்டாள். "லோக்கல்ல தான போணும்? அத்தான் கூட்டிட்டுப் போவாவ."

சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு எப்படிச் சிரிப்பு வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. நான் முலுண்டை வேண்டிக்கொண்ட கோபத்தில் அம்மன் வெள்ளையையும் சிவப்பாக்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். சாயங்காலமே காய்ச்சல் அடித்தது. அம்மா திருநீறு பூசினாள். வெளியே சந்தில் உப்புத்தண்ணீர் சொட்டும் சத்தம் நெருங்கி வந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிப் படுத்தேன்.