ஒன்பது போட்ட வீடுகள்

அகதியாக மொன்றியல் வந்த இரண்டாம் வருடம், நான் குடியிருந்த அஹுன்ட்சிக்கிலிருந்து மெட்ரோ பிடித்து ஓர் ஆராய்ச்சி அலுவலகத்துக்கு வேலைக்குப் போனேன். வடக்கே ஒரு பூர்வகுடிக் கிராமத்தில் நீரிழிவு பற்றி வீடு வீடாகக் கேட்டு வந்த பதில்களை எண்களாக மாற்றி எழுதுவது என் வேலை. பூட்டிக் கிடந்த வீடுகளுக்கெல்லாம் ஒன்பது போடச் சொன்னார் ஆராய்ச்சியை நடத்திய டொக்டர். ஒன்பது என்றால் 'மறுத்துவிட்டார்'. நானும் செக்குமாடு மாதிரிப் போட்டேன். என் அகதி விசாரணையில் நான் சொல்லாததை எவனாவது எழுதியிருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன்.

ஒரு நாள் அந்தக் கிராமத்துச் சுகாதார ஊழியரான பெண் நேரே அலுவலகத்துக்கு வந்து நின்றார். ஊர் ஒத்துழைக்கவில்லை என்ற எங்கள் அறிக்கையால், மாதமொருமுறை வரும் தாதியை நிறுத்தப் போகிறார்களாம். அவருடைய தாய்க்கு நீரிழிவால் ஒரு கால் போய்விட்டது. மற்றக் காலைக் கவனிப்பது அந்தத் தாதிதான்.

"ஒருவரும் மறுக்கவில்லை. வசந்தத்தில் ஊரே காட்டுவாத்து வேட்டைக்குப் போய்விடும். பள்ளிக்கூடமும் பூட்டு. வருமுன் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?"

டொக்டர் தோளைக் குலுக்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபத்தில் தமிழ்தான் வாயில் வந்தது.

"எங்கட ஊரிலை கோயில் தேரண்டைக்கு வந்து கதவைத் தட்டினால் ஆர் திறக்கிறது?"

பிறகு அதையே அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் மட்டும் சிரித்தார்.

மறுநாள் அவரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, டொக்டர் என்னிடம், தாதியை நிறுத்தவிருந்தவர்களுக்கு எழுதிய ஒரு கடிதத்தை நீட்டினார். எண் போட்டவரின் கவனக்குறைவால் பிழை நேர்ந்ததாம். கீழே நான் கையெழுத்திட வேண்டுமாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஆனாலும் அந்தத் தாயின் காலை நினைத்துப் பேனையை எடுத்தேன்.

"வேண்டாம்," என்றார் அந்தப் பெண். டொக்டர் பக்கம் திரும்பினார். "பிழை இவருடையது என்றால், அடுத்த வசந்தமும் நீங்கள் வேட்டை நேரத்தில்தான் வருவீர்கள். கேட்காமல் வந்தோம் என்று உங்கள் பெயரில் எழுதுங்கள். இனி எப்போது வருவது, என்ன கேட்பது என்பதை எங்களோடு இருந்து முடிவெடுங்கள்."

கால் அவருடைய தாயினுடையது. துணிவும் அவருக்குத்தான் இருந்தது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. டொக்டர் மேசையைத் தட்டி, கையெழுத்துப் போடச் சொன்னார்.

போட்டேன். கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில், பெரிதாக ஓர் ஒன்பது. அந்த வருடம் நான் எழுதிய ஒன்பதுகளில் உண்மையானது அது ஒன்றுதான்.