கால் கணப்பு வைத்த பெண்ணின் படம்

ஹார்லெம் ஊரில் அச்சுப் படங்களுக்கு வண்ணம் தீட்டுவதில் அலைட்டை மிஞ்ச ஆளில்லை. இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் காதலுக்குச் சிவப்புப் பூசுகிறவள். படத்தில் கூண்டு திறந்திருந்தால் கன்னி கழிந்தவள் என்று அர்த்தம், சிப்பி இருந்தால் ஆசை, நாய் இருந்தால் விசுவாசம். எல்லாம் அத்துப்படி. என்ன புண்ணியம்? வீட்டில் ஒற்றைத் தட்டு, ஒற்றை நாற்காலி.

படகோட்டி கோவர்ட் பெண்டாட்டியைப் பறிகொடுத்து மூன்று வருஷம். சனிக்கிழமைதோறும் அலைட்டுக்கு மீன் கொண்டுவருவான். வாசலில் நின்று மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போவான். கட்டிக்கிறியா என்று கேட்டுத் தொலைக்க மாட்டானா என்று அவளுக்கு உள்ளே அடித்துக்கொள்ளும். கேட்டால் அன்றைக்கே சரி சொல்லத் தயார்.

ஒரு சனிக்கிழமை அவன் ஒரு படத்தை நீட்டினான்.

"சந்தையில வாங்கினேன். உனக்குத்தான். பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லு." காது சிவந்திருந்தது.

படத்தில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து தைக்கிறாள். பாவாடைக்கடியில், குளிருக்குக் காலைச் சூடாக்கத் தணல் போட்ட பெட்டி, கால் கணப்பு. அலைட்டுக்குச் சுர்ரென்று ஏறியது. கணப்பு இருக்கும்போது புருஷன் எதற்கு என்று கல்யாணமாகாதவளைக் கேலி செய்யத்தானே இதை அச்சடிக்கிறார்கள்! சாராயக்கடையில் ஒட்டிவைத்துச் சிரிக்கிற சமாசாரம்.

"என் காலு சூடா இருக்கா, ஜில்லுனு இருக்கான்னு நீ ஒண்ணும் கவலைப்பட வேணாம். படத்தை எடுத்துக்கிட்டுக் கிளம்பு. இனிமே இந்தப் பக்கம் வராதே."

"நான் என்ன..." என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

பாவி மகள், அவனை வாய் திறக்க விட்டிருக்கலாம்.

குளிர் போனதும் கோவர்ட் லைடன் ஊரில் ஒரு விதவையைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். அவன் தங்கை லிஸ்பெட் கல்யாண மிட்டாயோடு வந்தாள்.

"ஏன் அக்கா, எங்கண்ணனை அப்படித் துரத்தி விட்டீங்க?"

"கேலிப் படத்தைக் கொண்டாந்து நீட்டினா கொஞ்சச் சொல்றியா?"

"கேலியா? படத்துக்கு அர்த்தம் பாக்க அண்ணனுக்கு எங்கே தெரியும் அக்கா? அந்தப் பொம்பளை மூக்கு அச்சு அசல் உங்க மூக்குன்னு படகுல ஏறினவங்ககிட்டல்லாம் காட்டிச்சு. 'பாருங்க, என் அலைட் தைக்கிறா'ன்னு ஒரே பெருமை."

அலைட் மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"'என் அலைட்'டுன்னா சொன்னான்?"

"ஆமாக்கா."

கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடியும் கேட்டாள்.