எட்டரைக் கிலோவோடு எர்ணாவூருக்கு

எடுத்த படங்களில் எல்லாம் நட்சத்திரங்கள் கோடாக இழுத்துக்கொண்டு நின்றன. மூன்று மாதம் கேமராவைத் திட்டினேன். கோளாறு மவுண்டில், அதாவது டெலஸ்கோப்பைத் தாங்கி வானத்தோடு சேர்த்துத் திருப்பும் அடிப்பாகத்தில்தான் என்று பிறகுதான் புரிந்தது. அப்போதுதான் எர்ணாவூரில் பழைய மவுண்ட் விற்பனைக்கு என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது: 'பத்து கிலோ தாங்கும்.' இந்த முறை சோதிக்காமல் வாங்குவதில்லை என்ற முடிவோடு, போன ஜனவரியில் ஒரு ஞாயிறு மதியம் என் டெலஸ்கோப்பையும் தூக்கிக்கொண்டு எம்.கே.பி. நகரில் ஆட்டோ பிடித்தேன்.

முதலில் காசிமேடு, 150 ரூபாய். மவுண்டில் ஏற்றப்போகும் எடை சரியாகத் தெரிய வேண்டும்; வீட்டுத் தராசு ஒவ்வொரு முறையும் ஒரு எடை காட்டியதால் இந்தச் சுற்று. மீன் விற்கும் அக்கா ஒருவர் தன் தராசைத் துடைத்துக் கொடுத்தார்.

"இன்னாம்மா இது, பீரங்கியா?"

டெலஸ்கோப் குழாய், கேமரா எல்லாம் சேர்த்து எட்டரைக் கிலோ. (வஞ்சிர வாசனை இலவசம்.)

அங்கிருந்து எர்ணாவூருக்கு 250 ரூபாய். விற்பவர் பாஸ்கர் அண்ணன், விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். அவர் வீட்டு மொட்டை மாடியில் மவுண்டின் மேல் என் குழாயை ஏற்றி, தூரத்துப் புகைபோக்கியைக் கேமராத் திரையில் பிடித்தேன். கடல்காற்று அடிக்கும்போதெல்லாம் புகைபோக்கி நடுங்கியது.

"பத்து கிலோன்னு அதுலயே போட்டுகீதேம்மா!"

"கண்ணால பார்க்கத்தான் பத்து, அண்ணே. படம் எடுக்க அதுல பாதிதான் ஏத்தலாம்."

அவர் முகம் வாடிவிட்டது. என் முகமும்தான். கிளம்பும்போது மாடி அறை மூலையில் ஒரு சின்ன லென்ஸ் டெலஸ்கோப்பைப் பார்த்தேன். கேமராவோடு நாலு கிலோ வரும்.

"அது விக்கறதுக்கு இல்ல. நெலா பாக்க வெச்சுகினுகீறேன்."

சனியின் வளையத்தை முதன்முதலில் எனக்குக் காட்டிய குழாய் என்னுடையது. அதை மாற்றாகக் கொடுப்பதா? கேமராவைக் கழற்றிவிட்டு, கண் வைத்துப் பார்க்கும் லென்ஸை மாட்டினேன். பிறகு, கிழக்கே எழுந்திருந்த சாயங்கால நிலாவுக்குக் குழாயைத் திருப்பினேன். "இதுல பாருங்க அண்ணே. பிடிச்சா மாத்திக்கலாம்."

கண்ணை வைத்தவர் எடுக்கவேயில்லை. "யப்பா... குழி குழியா கீதே! நீ அத்த எடுத்துக்கோம்மா. இதுக்கு நான் மரத்துல ஒரு ஸ்டேண்டு அடிச்சுக்கறேன்."

சின்னதைக் கேமராவோடு ஏற்றிப் பார்த்தோம். அதே காற்று, புகைபோக்கி அசையவில்லை. மவுண்டுக்கு 32,000 கொடுத்தேன். என் குழாயைத் திரும்பிப் பார்க்காமல் படி இறங்கினேன்.

மறுவாரம் எங்கள் மாடியிலிருந்து ஒரு நிமிட எக்ஸ்போஷர்: அத்தனை நட்சத்திரமும் உருண்டையாக, ஊசிமுனை மாதிரி.

வாங்கப் போகிறவர்களுக்கு: முதலில் மவுண்டுக்குப் பணம் ஒதுக்குங்கள், மிச்சத்தில் டெலஸ்கோப். உங்கள் குழாயைக் கையோடு கொண்டுபோங்கள். நல்ல காற்றடிக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். காற்றில்லாத நேரத்தில் எல்லா மவுண்டும் நல்ல மவுண்டுதான்.